காலருக்குள் ஒரு வட்டம்

சலவைக்கடைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த சமயத்தில், மலை சரிந்து ஊரே போய்விட்ட ஒருவர் மனைவியோடு வந்து நின்றார். கையில் ஒரு பை. மனைவியின் வலது கண்ணில் கட்டு. இஸ்திரி போடத் தெரியுமா என்று முதலாளியம்மா கேட்டாள். முப்பது வருடம் அதையே செய்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு சட்டையைத் தேய்த்துக் காட்டினார். வேலை கிடைத்தது, கடைக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்தது. அந்த நாட்களில் மனைவி சொன்னால்தான் அவருக்குப் பசிப்பதே தெரியும்.

ஊர் போன அன்று இருவரும் கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மனைவிக்குக் கண் ஆபரேஷன். பார்க்க வருவதாக இருந்த மகள், "மழையா இருக்குப்பா, வீட்டுலேயே இருந்துடறோம்" என்று போனில் சொன்னாள். மகள், மருமகன், ஆறு வயதிலும் மூன்று வயதிலுமாகப் பேரப்பிள்ளைகள் இரண்டு. திரும்பிப் போனபோது தெரு இருந்த இடத்தில் சேறும் பாறையும்தான். அவர் அழவில்லை. கல்லுளிமங்கன் என்று உறவுக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். அதுவும் அவர் காதில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

கடையில் துணி மாறிப்போகாமல் இருக்க, வீட்டுக்கு ஓர் அடையாளம் என்று காலருக்குள் அழியாத மையில் போட வேண்டும். ஒரு புள்ளி, இரண்டு கோடு என்று வைத்தால் முடிந்தது வேலை. இவரோ நாலு கோடு, குறுக்கே மூன்று, ஓரத்தில் ஐந்து புள்ளி, அதற்கு ஒரு வால் என்று எழுதித் தள்ளினார். ஒரு மாதம் கழித்து பேங்க் மேனேஜர் சட்டையோடு வந்தார்.

"ஏம்மா, உங்க ஆளு என் தலையெழுத்தையே காலர்ல எழுதி வச்சிருக்காரு. வெளியே தெரியுது."

அவர் போனதும் முதலாளியம்மா கேட்டாள். "ஏன் பெரியவரே, ஒரு புள்ளி வைக்க என்ன கஷ்டம்?"

"அது வாத்தியார் வீட்டோடதும்மா."

"எந்த வாத்தியார்?"

"எங்க ஊர்ல. ரெண்டு புள்ளி பால்காரர் வீடு. ஒத்தைக் கோடு டெய்லர். இருபத்தி மூணு வீடு. இன்னொருத்தருக்குப் போட்டா துணி மாறிடும்."

முதலாளியம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் கடை நடந்தாக வேண்டுமே. "திங்கட்கிழமையிலிருந்து சின்னதா போடுங்க. இல்லேன்னா வேற ஆள்தான் பார்க்கணும். அப்புறம் ரூமும் அந்த ஆளுக்குத்தான்" என்றாள்.

சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள். "அந்த அடையாளத்தையெல்லாம் வச்சிருந்து யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

திங்கட்கிழமை முதல், துணி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டார். பெரியவர் ஜனத்தொகைக் கணக்கெடுக்கிறார் என்று கடையில் சிரித்தார்கள். ஒன்பது பேர் இருக்கும் வீடு ஒன்று வந்தபோது ஒரு புள்ளி வைத்தார். வாத்தியார் வீட்டிலும் ஒன்பது பேர்தான். டெய்லரின் கோடு, தனியாக இருந்த நர்ஸுக்குப் போனது. இப்படியே இரண்டு மாதத்தில் இருபத்திரண்டு வீட்டு அடையாளமும் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு வட்டம். மகள் வீட்டுடையது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அந்த ஊரில் பஞ்சமா என்ன? வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் புதிதாக எதையாவது போட்டுத் தட்டிக்கழித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இளவயதுப் பெண் ஒருத்தி மூட்டையோடு வந்தாள். மேலாக ஒரு குட்டி கவுன் கிடந்தது.

"நாலு பேருங்க. சின்னதுங்க ரெண்டு. ஆறு வயசு, மூணு வயசு."

அவர் பேனா அப்படியே நின்றது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள். "அந்த வட்டத்தைப் போடுங்க. இந்தப் பொண்ணு துணியாவது தொலையாம இருக்கட்டும்."

போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியமே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அவள் வரவில்லை. அவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

"நாளைக்கு வருவாங்க, உள்ளே வாங்க" என்றாள் முதலாளியம்மா.

"இன்னிக்குன்னு சொன்னேனே."

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் குனிந்து தெருவைப் பார்த்தார்.

மறுநாள் காலை கடை திறந்து பெட்டி சூடாகும்போது நாலு பேருமாக வந்தார்கள். பிள்ளைகளின் காலெல்லாம் சேறு.

"நேத்து மழையா இருந்துச்சுங்க. அதான் வீட்டுலேயே இருந்துட்டோம்" என்றாள் அந்தப் பெண்.

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். நாலு பேரும் இருந்தார்கள். துணியை எடுத்துக் கொடுத்தார். பிறகு அழுக்குத் துணிக் குவியல் மேல் உட்கார்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி அழுதார். மனைவி தேற்ற வரவில்லை. மேஜைத் துணி கருகிவிடாமல் இஸ்திரிப் பெட்டியை மட்டும் நிமிர்த்தி வைத்தாள்.