அண்ணன் தம்பிக்கு நடுவே அட்ராக்டா

ஸ்லைகோ பக்கம் ஒரு மலையடிவாரத்தில் இருந்த பப்பின் மாடியறையில்தான் அட்ராக்டா ஃபீலி பிறந்தாள். அப்பாவுக்குப் பிறகு அவளே கடையை நடத்தினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் நேரே அங்கேதான் வரும். நிலம் பேசி முடிப்பதும், செத்தவரைப் பற்றிச் சிரித்துச் சிரித்து அழுவதும், ஆஸ்திரேலியா போகிற பிள்ளைகளை வழியனுப்புவதும் அங்கேதான். போன பிள்ளைகள் திரும்பவில்லை. இருந்தவர்கள் சூப்பர்மார்க்கெட்டில் பீர் வாங்கி வீட்டிலேயே குடிக்கப் பழகினார்கள்.

கடைசிவரை தவறாமல் வந்தவர்கள் டர்க்கன் சகோதரர்கள். மேட்டு வீட்டில் இருவரும் கட்டைப் பிரம்மச்சாரிகள். அண்ணன் மாலக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி ஃபெஸ்டஸ் அவனைக் கேட்காமலே ஆற்றோர வயலை விற்றுவிட்டான். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், ஒரு வார்த்தை இல்லை. பேசவேண்டியதையெல்லாம் சாயங்காலம் பப்பில் அட்ராக்டா மூலம்தான் பேசினார்கள்.

“அட்ராக்டா, செவலைப் பசு காலை இழுக்குதுன்னு அவங்கிட்ட சொல்லு.”

கைக்கெட்டும் தூரத்தில்தான் ஃபெஸ்டஸ் உட்கார்ந்திருப்பான். “நேத்தே பாத்துட்டேன்னு சொல்லு. நான் ஒண்ணும் அவனை மாதிரி குருடன் இல்ல.”

“நேத்தே பாத்துட்டானாம்.” குத்தலை அவள் விழுங்கிவிடுவாள்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு பேருக்கும் வாய் இருக்கில்ல? நான் என்ன தபால்காரியா?”

“இன்னிக்கு இவளுக்குக் கோவம்னு அவங்கிட்ட சொல்லு,” என்றான் மாலக்கி. ஃபெஸ்டஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் விழுந்து இடுப்பு முறிந்தது. கடையை வாங்க யாரும் முன்வரவில்லை. மூடப்போவதாகச் சொன்னாள்.

“இனிமே வீட்டுல பேசுங்களேன்.”

“அங்க யாரு இருக்கா பேச?” என்றான் ஃபெஸ்டஸ். பக்கத்தில் அண்ணன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடை மூடிய அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை மாலக்கி அவள் கொல்லைக் கதவைத் தட்டினான். தொப்பி கையில் இருந்தது.

“அவன் சாப்பிடறதில்ல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கான். டாக்டரைக் கூப்பிடலாமான்னு நீ வந்து கேளேன்.”

“எப்பலேர்ந்து?”

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து.”

“அடப்பாவி, நீ கேக்கலையா?”

அவள் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு அவன் காரில் ஏறினாள்.

சமையலறை நாற்காலியில் ஃபெஸ்டஸ் முகம் சாம்பல் பூத்துச் சாய்ந்திருந்தான். பக்கத்தில் டீ ஆறிப் போயிருந்தது. மாலக்கி வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

“ஃபெஸ்டஸ், ரொம்ப வலிக்குதா?”

அவன் கண்கள் அவளைத் தாண்டி வாசற்படிக்குப் போயின. உதடுகள் அசைந்தன. அவள் காதை வாயருகே கொண்டுபோனாள். வெறும் மூச்சுதான் வந்தது. டாக்டர் வருவதற்குள் அதுவும் நின்றது.

“என்ன சொன்னான்?” என்று மாலக்கி கேட்டான்.

எத்தனையோ வார்த்தைகளை மாற்றிச் சொன்னவள். இப்போதும் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“எனக்குக் கேக்கலை, மாலக்கி.”

அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்ட வாசலில் சற்று நின்றார்கள். போய் உட்கார இடம் இல்லாததால் அவரவர் காரில் ஏறிப் போனார்கள். மாலக்கி அதற்குப் பிறகு மேட்டிலிருந்து இறங்கி வரவில்லை. முறிந்த இடுப்போடு அட்ராக்டாவால் அந்த மேட்டில் ஏற முடியாது.