ரயிலைத் துரத்திய மகாலட்சுமி

பின் இருக்கையிலிருந்து என் வலது தோளைத் தட்டுகிறார் மகாலட்சுமி. வலது தோளில் தட்டினால் வலப்பக்கம் திரும்ப வேண்டும், இடது தோள் என்றால் இடப்பக்கம். இரண்டு தோளிலும் விழுந்தால் பிரேக். "கத்திச் சொன்னா உங்களுக்குக் கை நடுங்குதுங்க. தட்டுனா நடுங்கறதில்ல. தரையப் பாக்காதீங்க, அது எங்கயும் போகாது."

திருச்சி கே.கே. நகரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருகிறார். சுடிதாருக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஓயாத பேச்சு. இந்தத் தட்டும் பாடத்தை அவர் வியட்நாமில் படித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் வளவனும் கூட வருவார். துவாக்குடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். எங்கள் வகுப்பு முடியும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்து மதில்மேல் உட்கார்ந்திருப்பார். போன வருடம் இவர்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு. உறவினர்கள் ஸ்ரீரங்கத்தில் மண்டபம் தேடிக்கொண்டிருக்க, இருவரும் முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு திருச்சியிலேயே விமானம் ஏறிவிட்டார்கள்.

"சூட்கேஸ்னா இவரு குக்கரையும் சேத்துத் தூக்கிட்டு வருவாருங்க. அதான் முதுகுப் பை."

"சின்ன குக்கர்தான்," என்றார் வளவன்.

வியட்நாமில், டா நாங் நகருக்குப் போகும் ரயிலில் நடந்தது இது. பெயர் வாயில் நுழையாத ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. வெளியே ஒரு பெண் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். மகாலட்சுமி பிறந்தது வாழைக்குப் பேர்போன தொட்டியத்தில். வாழையைப் பார்த்தால் கால் நிற்காது. "நம்ம பூவன் மாதிரியே இருந்துச்சுங்க. ஒரு சீப்பு வாங்கித் திரும்புறேன், வண்டி நகருது." போன், பாஸ்போர்ட், பைகள், கணவர் எல்லாமே வண்டிக்குள்.

"அழுதீங்களா?"

"அழ எங்கங்க நேரம்? 'எங்க வீட்டுக்காரர் போறாரு'ன்னு தமிழ்லயே கத்துனேன். அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிருச்சு."

பழக்காரியின் பெயர் லான். கூடையை அப்படியே பக்கத்துக் கடையில் தள்ளிவிட்டுத் தன் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். தண்டவாளத்தை ஒட்டியே சாலை போகிறது. ஆனால் அவள் ஓட்டிய நிதானத்தில் ரயில் புள்ளியாகிவிடும் போலிருந்தது. மகாலட்சுமி அவளை இறங்கச் சொல்லிச் சைகை காட்டினார். தான் முன்னால் ஏறி, அவளைப் பின்னால் உட்காரவைத்து முறுக்கினார். அந்த ஊரில் வலப்பக்கம்தான் போக வேண்டும். நம்ம பழக்கத்தில் வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. எதிரே லாரி வரும்போதெல்லாம் லான் வலது தோளில் அடித்தாள். "சட்டைக்குள்ள செவந்துருச்சுங்க. ஆனா ஒரு வார்த்த பேசாம, பதினஞ்சு கிலோமீட்டரு எனக்கு வழி சொன்னா பாருங்க. அவ டீச்சரு."

அடுத்த ஸ்டேஷனில் வளவன் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த போனில் மனைவியின் படத்தை ஸ்டேஷன் மாஸ்டரிடம் காட்டி, "சண்ட போட்டுட்டு எறங்கலீங்க, பழம் வாங்க எறங்குனா" என்று தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாராம். மகாலட்சுமியைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி: "என்ன வெல சொன்னா?"

லானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூவருமாக பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அந்தச் சீப்பைத் தின்று தீர்த்தார்கள். மிச்ச நாட்களை லான் வீட்டிலேயே கழித்தார்கள்.

"டா நாங்?"

"போட்டோல பாத்துக்கிட்டோம்," என்றார்கள் இருவரும் ஒன்றாக.

அடுத்த பயணம் கம்போடியாவுக்காம். மகாலட்சுமி பாதைகளை விரலால் காற்றில் வரைந்து காட்டினார்; கண் இரண்டும் பளபளத்தன. பிறகு, "டீ வாங்கிட்டு வரேன்" என்று சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்.

"அன்னிக்கி பயந்துட்டீங்களா?" என்று வளவனிடம் கேட்டேன்.

"நானா? பாஸ்போர்ட் ரெண்டும் என்கிட்டதாங்க இருந்துச்சு. எனக்கென்ன பய..."

ஒரு டவுன் பஸ் வந்து எங்களுக்கும் கடைக்கும் நடுவில் நின்றது. வளவன் மதிலிலிருந்து குதித்து, செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல், பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடினார்.