புருல்கான் அக்காவின் பத்து நாள்

கிர்கிஸ்தானில், ஜலால்-அபாத்தில் எங்கள் தெருவில் புருல்கான் அக்காவின் வாசலை யாரும் தட்டுவதில்லை. பிள்ளை குட்டி இல்லை. கணவர் அசான்குல் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். ஆனால் ஏப்ரலில் பத்து நாள் மட்டும் அது கல்யாண வீடாக இருக்கும். காரணம், அசான்குல் மலையிலிருந்து கொண்டுவந்து நட்ட குட்டை ஆப்பிள் மரம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு எட்டில் முடிந்துவிடும் அந்த முற்றத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. தளிரும் சிவப்பு, பூவும் ரத்தச் சிவப்பு. புது மணமக்கள் அதன் அருகே நின்று படம் எடுக்க வருவார்கள். அக்கா விரிப்பு விரித்து, தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் வைத்து, வந்தவர்களை எழுந்திருக்க விடமாட்டார்.

பழம்? வாயில் வைக்க முடியாது, அத்தனை புளிப்பு. எனக்கு அதுதான் உறுத்தல். எங்கள் ஊரில் காட்டு மரத்தைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஒட்டுக் கட்டினால்தான் தூக்கம் வரும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் வேறு எனக்கு. போன வருஷம் மார்ச்சில் அக்கா முட்டி வலிக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வந்து பார்த்து மகிழட்டும் என்று, மரத்தின் தலையை அறுத்து இனிப்பு ஆப்பிள் குச்சிகளைச் செருகிக் கட்டிவிட்டேன். புத்தி கெட்டவன்.

அக்கா வந்து பார்த்தார். திட்டவில்லை. "நல்ல பழமாப்பா?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் தேவலாம்.

ஏப்ரலில் ஒருநாள் அக்கா வீட்டுச் சுவர் தாண்டி எண்ணெய் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். விரிப்பு, எட்டுக் கோப்பை, குவியலாகப் போர்சோக், பக்கத்தில் அக்கா தனியாக. பூ இல்லாத மரத்தடிக்கு எந்த மணமக்கள் வருவார்கள்? உள்ளே போனேன். ஒட்டுக்குக் கீழே விரல் நீளத்தில் பழைய மரம் ஒரு சிவப்புத் தளிர் விட்டிருந்தது. கீழே வருவதைக் கிள்ளாவிட்டால் ஒட்டு பிழைக்காது. பழக்கதோஷம், கத்தியை எடுத்துவிட்டேன்.

"அத விடு, குபத்."

"விட்டா நான் வச்சது செத்துடும்க்கா."

"சாகட்டும்."

ஒட்டுக் குச்சிகளை நானே பிடுங்கி எறிந்தேன். மறுபடி பூக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். நாலைந்து ஆகும் என்றேன். அவருக்கு எழுபத்து நாலு. ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"அதுவரைக்கும் நீ வா."

இந்த ஏப்ரலிலும் எட்டுக் கோப்பை வைத்திருந்தார். நான் ஒருவன்தான் போனேன்.