மாமனைத் தொரையாக்கிய லெப்டொப்

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றைச் செய் என்று யாராவது சொன்னால் செய்ய மாட்டேன். செய்யாதே என்றால், அதைச் செய்து முடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். கொழும்பில் புடவைக் கடை வேலையை விட்டுவிட்டு, மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நான் திரும்பி வந்ததும் அப்படித்தான். போகலாமா வேண்டாமா என்று மாதக் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். கடையை மேற்பார்க்கும் அக்கா, இது சீசன் நேரம், இப்போது போகவே கூடாது என்றார். மறுநாள் காலையில் நான் ஹட்டன் பஸ்ஸில் இருந்தேன்.

பையில் ஒரு பழைய லெப்டொப் இருந்தது. யாரோ ஓர் அலுவலகத்தில் தட்டித் தேய்த்துவிட்டு விற்றது. விசைகளில் பாதி எழுத்து அழிந்துபோய், பார்க்கப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். கடையில் தள்ளுபடி அட்டை, விளம்பரப் பலகை எல்லாம் செய்து பழகியிருந்தேன். இனி வீட்டில் இருந்தபடியே பேனர் செய்து கொடுக்கலாம் என்பது என் திட்டம். தோட்டத்தில் பேனர் இல்லாமல் எது நடக்கிறது? காதுகுத்து, சடங்கு, கல்யாணம், திருவிழா, கிரிக்கெட் போட்டி, எல்லாவற்றுக்கும் முகம் போட்ட பேனர் வேண்டும். முகம் சின்னதாகப் போய்விட்டால் சண்டையும் வரும்.

அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா போன பிறகு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாகத்தான் இருந்தார். என்னைக் கண்டதும் மகிழ்ந்துபோவார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நான் தோளில் இருந்து பையைக்கூட இறக்கவில்லை, "எதுக்கு வந்த? கொழும்புக்கே போயிரு" என்றார். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! இனி கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போவதில்லை என்று பையை ஆணியில் மாட்டினேன். அதன் பிறகும் அவர் விடவில்லை. தேத்தண்ணி கொடுக்கும்போது ஒரு முறை, படுக்கப் போகும்போது ஒரு முறை, போயிரு போயிரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடை அக்காவும் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம், மாதம் முடிவதற்குள் வந்தால் சேர்த்துக்கொள்வாராம். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழா பேனர்களை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அது நல்லபடி முடிந்தால் இங்கேயே இருப்பது, சொதப்பினால் வாயை மூடிக்கொண்டு கொழும்புக்குப் போவது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்தேன்.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு சடங்கு பேனர் வந்தது. தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் பெரியவளான ஒரு பிள்ளைக்குச் சடங்கு. சடங்கு என்றால் தாய்மாமன்தான் ராஜா, பிள்ளையின் படம் எவ்வளவு பெரிதோ மாமன் படமும் அவ்வளவு பெரிது. என் திரையில் எல்லோரும் பாசி பிடித்த மாதிரி கருப்பும் பச்சையுமாகத் தெரிந்தார்கள். பனிமூட்டத்தில் படம் எடுத்திருப்பார்கள் என்று நினைத்து, வெளிச்சத்தைக் கூட்டினேன், கொஞ்சம் சிவப்பு சேர்த்தேன். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அப்போதுதான் முகம் முகமாகத் தெரிந்தது. ஹட்டனில் அச்சடிக்கக் கொடுத்தேன்.

சடங்கு வீட்டு வாசலில் பேனரை விரித்தார்கள். வருடம் முழுக்க வெயிலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மாமன், வெள்ளைக்காரத் தொரை மாதிரி ரோஸ் நிறத்தில் நின்றார். அடி விழப் போகிறது என்று நான் பின்பக்கமாக நகர்ந்தேன். மாமனோ பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை வாரிக்கொண்டு வந்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டில் இருந்து, தங்களுக்கும் அந்தத் தொரை கலர்தான் வேண்டும் என்று ஆள் வந்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? ஹட்டனுக்குப் போய் அச்சுக்கடை அண்ணனிடம் சண்டை பிடித்தேன். மையைக் கண்டபடி கலந்துவிட்டீர்கள் என்றேன். நீ கொடுத்ததைத்தான் அடித்தேன் என்று அவர் தன் கம்ப்யூட்டரில் காட்டினார். அதிலும் மாமன் ரோஸாகத்தான் இருந்தார். உங்கள் கம்ப்யூட்டரும் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ரொம்பப் பொறுமைசாலி.

திருவிழா பேனர் பாதியில் இருக்கும்போதுதான் என் திரை ஆட்டம் காட்டத் தொடங்கியது. முதலில் ஒரு நடுக்கம். பிறகு மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள். அம்மனின் முகம் கோடு கோடாகக் கிழிந்து தெரிந்தது. அணைத்துப் போட்டேன், மூடித் திறந்தேன், மூலையில் தட்டியும் பார்த்தேன். கோடுகள் கூடினவே தவிரக் குறையவில்லை. கொழுந்து மலையில் இருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். போயிரு என்று அன்றைக்கு அவர் சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஹட்டனில் லெப்டொப் திருத்துகிற ஒரு சிங்களப் பையன் இருந்தான். கோடுகளைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான். படத்தை உண்டாக்குகிற கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, அது மதர்போர்டோடு சேர்ந்தது, போர்டை மாற்றுகிற காசுக்கு வேறு லெப்டொப்பே வாங்கலாம் என்று சிங்களத்தில் பக்குவமாக எடுத்துச் சொன்னான். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒரே குழாயில்தான் வரும். மஸ்கெலியா வருவதற்குள் அழுகை நின்று, கோபம் வந்துவிட்டது. அவன் திறந்துகூடப் பார்க்கவில்லையே!

போனில் இருக்கிற வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். ஒரு சோதனை எளிதாக இருந்தது. லெப்டொப்பை ஒரு டிவியோடு வயர் போட்டு இணைக்க வேண்டும். டிவியிலும் கோடு தெரிந்தால் சிப் போய்விட்டது, கதை முடிந்தது. டிவியில் படம் சுத்தமாகத் தெரிந்தால் சிப் நன்றாக இருக்கிறது, அங்கிருந்து திரைக்குப் போகிற வழியில்தான் கோளாறு. எனக்கு அதன் அர்த்தம் இன்னும் எளிது. கோடு தெரிந்தால் கொழும்பு, தெரியாவிட்டால் வீடு.

அப்படி வயர் போடக்கூடிய டிவி எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அத்தையிடம் மட்டும்தான் இருந்தது. நான் போன நேரம் சீரியல் நேரம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சீரியலில் தாலி கட்டப் போகிற நேரத்தில் யாரோ கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி வாசலில் வந்து நின்றார்கள். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு வயர், அதுவும் சீரியல் வருகிற பெட்டியில் மாட்டியிருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றதும் அத்தை என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இரண்டே நிமிடம் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை, அதனாலேயே விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வயரை மாட்டினேன். டிவி கருத்துப்போய் நின்றது. இந்தப் பெண்களோடு இந்தப் பக்கத்திலேயே இருக்கப்போகிறேனா, இல்லை பழையபடி கொழும்பில் நாலு பேரோடு ஓர் அறையில் படுக்கப்போகிறேனா என்று அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மன் வந்தாள். டிவி நிறைய, மஞ்சளும் குங்குமமுமாக, ஒரு கோடு இல்லாமல் வந்தாள். அத்தை தைலக் கையோடு எழுந்து கும்பிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து கும்பிட்டார்கள். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. படத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினேன், கீழே கோயில் கமிட்டிக்காரர்கள் தலைவரோடு வரிசையாக வந்தார்கள். அத்தனை பேரும் ரோஸ் நிறத் தொரைமார்!

"நம்ம தலைவரு எப்ப லண்டன் போனாரு?" என்று அத்தை கேட்டார். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிவி காட்டுவதுதான் உண்மையான நிறம். என் திரை சடங்கு பேனர் செய்த நாளில் இருந்தே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது, நான் அந்தப் பொய்க்குப் பவுடர் பூசியிருக்கிறேன். அச்சுக்கடை அண்ணனை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதற்குள் சீரியலில் தாலி கட்டி முடிந்துவிட்டது, யார் யாருக்குக் கட்டினார்கள் என்று எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் திருத்துகிற பையனிடம் போய், டிவியில் சுத்தமாகத் தெரிகிறது, திறந்து பார் என்றேன். அவனும் ஆர்வமாகிவிட்டான். அடிமூடியைக் கழற்றியதும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். உள்ளே ஒரே கரி. எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாகப் படிந்திருந்தது. திரைக்குப் போகிற வயர் மதர்போர்டில் மாட்டுகிற இடத்தில்தான் அது அப்பிக்கிடந்தது. அவன் வயரைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, திரும்ப அழுத்தி மாட்டினான். திரை பளிச்சென்று வந்தது. நீ இதில் படம் செய்கிறாயா, கருவாடு சுடுகிறாயா என்று கேட்டான்.

அந்தக் கடை மேசையிலேயே உட்கார்ந்து கமிட்டிக்காரர்களை எல்லாம் அவரவர் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். கமிட்டித் தலைவருக்குப் போனில் அனுப்பிக் காட்டினேன். மற்றவர்களை மாற்றியது சரி, தன்னை மட்டும் பழையபடி விட்டுவிட முடியாதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். முடியாது என்றேன். அச்சுக்கடை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு பேனரைக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கரி மனதைக் குடைந்தது. லெப்டொப்பை ராத்திரி பைக்குள் வைத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் படுப்பேன், எழுந்திருக்கும்போதும் அங்கேயேதான் இருக்கும். எங்கள் வீட்டில் இப்படிக் கரி படிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அடுப்புக்கு நேர் மேலே, விறகு காயப்போடுகிற தட்டு. நெருப்புப்பெட்டி, உப்புப் போத்தல், அப்பாவின் பழைய கடிதாசிகள் என்று ஈரம் ஏறக்கூடாத எதையும் அம்மா அதில்தான் வைப்பார். வீட்டுப் படியேறும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இதை அந்தத் தட்டில் வைத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம், தினம் விடிய அடுப்பு மூட்டும்போது பையில் இருந்து எடுத்து வைப்பேன், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது துடைத்துத் திரும்பப் பைக்குள் போட்டு மாட்டிவிட்டுப் போவேன் என்றார், அரிசி களைந்தேன் என்று சொல்கிற மாதிரி. நான் கத்தினேன். உங்களால்தான் எல்லாம் கெட்டது, என் பிழைப்பே போகப் பார்த்தது என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவர் கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஈரம் ஏறுனா இது கெட்டுப்போகும்னுதான் வச்சேன். இது கெட்டுப்போனா நீ போயிருவ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானே போயிரு போயிருன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற?" என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "ஒன்னைய இருன்னு சொல்லியிருந்தா, அன்னிக்குச் சாயங்கால பஸ்ஸுலயே போயிருப்ப."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. என்னைப் பெற்றவருக்கு என்னைத் தெரியாமல் போகுமா? அம்மாவின் மேல் அப்படி ஓர் ஆசை அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கடை அக்காவுக்குப் போன் எடுத்தேன். என்ன முடிவு, வருகிறாயா இல்லையா என்று அவர் கேட்டார். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்.

"எங்கம்மா போகச் சொல்றாங்கக்கா. அதான் வரல."