ஆள் பஞ்சமில்லாத தளபதி

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கூலியாட்களை அனுப்பும் கான்ட்ராக்டர் அவர். சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம். நாங்கள் பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டுக்கு ஒரு ஞாயிறு வந்தார். பகடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உருட்டுவார். கதையை நடத்துவது நான்; விளையாட்டில் அவர் தளபதி. பொறி வைத்த கதவுகளைத் திறக்கத் தன் வீரர்களையே முன்னால் அனுப்பினார். எல்லோரும் செத்தார்கள்.

“வேற ஆளுங்கள குடுப்பா,” என்றார் என்னிடம்.

“வரமாட்டாங்க சார். கூட வந்தவங்கள சாவ உட்டா, அந்தத் தளபதிகிட்ட அப்புறம் யாரும் சேரமாட்டாங்க. அதான் ரூலு.”

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். “இன்னாபா ரூலு இது? எங்கனா அப்டி நடக்குமா?”

மறுநாள் காலை பார்த்தேன். அவர் அனுப்பிய இருவர் போன மாதம் பாய்லரில் வெந்து செத்த அதே ஆலையின் வாசலில், அவர் கைகாட்டலுக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது. அந்த விதியை எழுதியவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போலும்.