லோர்னாவின் இரண்டு பக்கங்கள்

டார்வின் ஹாகன் வாய்விட்டுப் படிக்காமல் எதையும் அழித்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அன்று அழிந்தது அவர் மனைவி அவருக்கு எழுதிய கடிதம். அவசரப்படுத்தியது நான். அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

வடக்கு மினசோட்டாவில் நான் நர்சாக இருக்கும் எங்கள் மருத்துவமனையின் ஆறு மாடிப் பிரிண்டர்களும் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. ஒரு மாடிக்கு ஒரு பிரிண்டர். நர்சு, டாக்டர், மருந்தகம் எல்லோரும் அதற்குத்தான் அனுப்ப வேண்டும். முன்னால் ஒன்று சிக்கினால் மற்றதெல்லாம் பின்னால் வரிசையில் நிற்கும். எங்களுக்குப் பொறுமை ஏது? காகிதம் வராவிட்டால் மறுபடி அழுத்துவோம், மறுபடியும் அழுத்துவோம். 'லிப்ட் பட்டன் வியாதி' என்பார் டார்வின்.

அப்படி அடைத்துக்கொண்டால் எங்கள் மேஜைக்கு வந்து வரிசையைத் தலையிலிருந்து வால்வரை படிப்பார். "கிரெட்டா, சாப்பாட்டுப் பட்டியல், வேணுமா? மருந்தகம், நாலு பக்கம், வேணுமா?" உரியவர் வேண்டாம் என்றால்தான் அழிப்பார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிறார் என்று கேலி செய்வோம்.

அந்தப் பிப்ரவரியில் அவர் மனைவி லோர்னா எங்கள் மாடியிலேயே 412ஆம் அறையில் இருந்தாள். தொண்டையில் குழாய், பேச முடியாது. மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மத்தியானம் பிரிண்டர் சிக்கியது. வீட்டுக்குப் போகவேண்டிய நோயாளி கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். அவரை வீட்டுக்கு அனுப்பும் காகிதத்துக்காக நான் பதினொரு முறை அழுத்திவிட்டு, 412இல் இருந்த டார்வினைக் கூப்பிட்டேன். அவர் வந்து படிக்க ஆரம்பித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

"டார்வின், இன்னைக்கு ஒரு நாள் பேர் கூப்பிடாதீங்க. எல்லாம் என்னோடதுதான். மொத்தமா அழிச்சு விடுங்க."

அவர் 412இன் கதவைப் பார்த்தார். அழித்தார். நான் மறுபடி ஒரு முறை அழுத்தினேன், என் காகிதம் வந்தது. அவர் அறைக்கு ஓடினார்.

அங்கே லோர்னா கையால் ஒரு சதுரம் வரைந்து காட்டி, கிடைத்ததா என்பதுபோல் பார்த்திருக்கிறாள். செய்தித்தாள் கேட்கிறாள் என்று நினைத்து வாங்கிக் கொடுத்தாராம். அவள் சிரித்து, பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த சிறு பலகையில் 'நாளைக்குப் படி' என்று எழுதினாளாம். காபி எடுக்க வந்தபோது இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் அவள் கண் விழிக்கவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி தின்றுகொண்டு எல்லோரும் சொல்லவேண்டியதைச் சொன்னோம். மூன்றாவது வாரம் டார்வின் வேலைக்குத் திரும்பி, எங்கள் மேஜையில் உட்கார்ந்து பிரிண்டரின் பழைய பதிவைப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அதில் தலைப்பும் பக்க எண்ணிக்கையும் அழித்தவர் பெயரும் மட்டும்தான் இருக்கும், எழுதியது இருக்காது. அன்று அழிந்ததில் என் காகிதம் பதினொரு வரி. அவற்றின் நடுவே ஒரு வரி: நோயாளிகள் கணினி, 'டார்வினுக்கு', இரண்டு பக்கம், அழித்தவர் ஹாகன்.

நடைபாதையில் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகச் சைகை காட்டிப் போனவள், அங்கே நோயாளிகளுக்கென்று வைத்திருக்கும் கணினியில் எழுதியிருக்கிறாள். அதில் எதுவும் தங்காது. ஆள் எழுந்ததும் எல்லாம் தானாக அழியும். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்க அப்படி அமைத்ததும் அவர்தான்.

என் அவசரத்தால்தான் என்று சொன்னேன். அழுதேன்.

"அழுத்துன கை என்னோடது, மார்னா," என்றார். திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. "கடைச் சீட்டுல பால், முட்டைன்னு ரெண்டு வார்த்தை எழுதுறவ. ரெண்டு பக்கம் எழுதியிருக்கா."

எத்தனையோ சாவு பார்த்தவள் நான். எதுவும் என்னை இப்படி உடைத்ததில்லை.

இப்போதும் பிரிண்டர் சிக்குகிறது. அவர் வருகிறார், படிக்கிறார். யாரும் கேலி செய்வதில்லை. பட்டியல் முடிந்த பிறகு நடைபாதையைப் பார்த்து, "வேற யாரோடதாவது இருக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்று நான் சொல்கிறேன். அப்புறமும் கொஞ்ச நேரம் அழிக்கும் பொத்தானிலிருந்து கையை எடுத்தே வைத்திருக்கிறார்.