கேட்டில் தொங்கிய பலகை

சிகாகோ ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் குண்டடிபட்டு வந்தவர்களின் ரத்தத்தைத் துடைத்த நர்ஸ் ஆர்டிஸ். பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களிடம் போய், சாவுச் செய்தியைச் சொன்னவளும் அவள்தான். துப்பாக்கி என்றாலே வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? ஓய்வு பெற்று, வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கும் மொன்டானா நாட்டுப்புறத்தில் புல்வெளியோடு ஒரு வீடு வாங்கினாள். குடிவந்த அன்றே கேட்டில் பலகை மாட்டினாள்: ‘துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள்.’

ஊரார் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் மீறவில்லை. அடுத்தவர் கேட்டில் எழுதியிருப்பது அங்கே வேதவாக்கு. பக்கத்துப் பண்ணைக் கிழவர் வெர்ன், தன் டிரக்கில் எப்போதும் கிடக்கும் ரைபிளை அவள் வீட்டுக்கு வரும்போது மட்டும் தன் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

“துப்பாக்கி இல்லாம வந்தா பேன்ட் போடாம வந்த மாதிரி இருக்கும்மா.”

“பேன்ட்டாவது போட்டுட்டு வந்தீங்களே, புண்ணியமாப் போச்சு.”

மூன்றாவது கோடையில் அவளுடைய கிழட்டுக் குதிரை ஜூனோ, ஏதோ பிராணி தோண்டிய வளையில் முன்னங்காலை விட்டு முறித்துக்கொண்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. இப்படி முறிந்த குதிரை பிழைக்காது; வதைபடாமல் சுட்டு முடிப்பதுதான் வழி. கால்நடை டாக்டர் வந்துசேர இரண்டு மணி நேரமாகும். “வெர்ன், ஜூனோ கால் போச்சு, ஓடி வாங்க!” என்று போனில் கத்தினாள்.

ஓடி வந்தார், வெறுங்கையோடு.

“துப்பாக்கி எங்க?”

“கேட்ல எழுதியிருக்கேம்மா. நீங்க சொல்லாம எப்படி?”

அவர் போய் எடுத்துவர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை ஜூனோ எழ முயல்வதும் விழுவதும் அலறுவதுமாக இருந்தது. ஐயோ, என் வறட்டுப் பிடிவாதத்துக்கு இந்த வாயில்லா ஜீவனா பலி என்று ஆர்டிஸ் அடித்துக்கொண்டாள். திரும்பி வந்த கிழவர் அப்போதும் கேட்டில் வண்டியை நிறுத்தி, “உள்ள கொண்டு வரட்டுமா?” என்று கேட்டார்.

“வாங்கய்யா, வாங்க!”

ஒரே குண்டுதான்.

அந்த மாதமே ஒரு ரைபிள் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்தாள். பலகையையும் கழற்றினாள். சிகாகோ தோழி போனில் பொரிந்தாள்: “நீயுமாடி?”

“அந்த அம்மாக்களை நான் மறக்கலடி. அங்க துப்பாக்கி வேண்டாம்னுதான் இப்பவும் சொல்வேன். ஆனா இங்க ஜூனோ நாப்பது நிமிஷம் கதறுச்சு.”

இரண்டு குளிர்காலம் போயிற்று. ஒரு காலை வெர்ன் போன் செய்தார். அவருடைய நாய் டஸ்டியின் இடுப்பு, டிரக் ஏறி நசுங்கிவிட்டது. ஓட்டியது அவர்தான்.

“ரைபிள் கையில இருக்கும்மா. சுட வரலை. பதினாலு வருஷம் கூடவே கிடந்தது.”

ஆர்டிஸ் பீரோவைத் திறந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கிழவர் பனியில் மண்டியிட்டிருந்தார். எத்தனையோ அம்மாக்களிடம் பேசிய அதே குரலில் சொன்னாள்:

“துப்பாக்கியைப் பாக்காதீங்க, வெர்ன். பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருங்க. அது உங்க குரலைக் கேட்டுட்டே போகட்டும்.”

“டஸ்டி,” என்றார் அவர். “டஸ்டி கண்ணு…”